மேல என்றால் மேற்கு

செய்தி எனக்குத் தமிழில்தான் வந்தது. புரிந்தது இந்தியில்.

மே மாதக் கடைசி. புனேயின் கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பின் கல்லியில், அதாவது குறுகலான தெருவில், புதிதாகப் போட்ட கால்வாய்க்கு மேல் சிலாப் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல மேஸ்திரியோடு வாக்குவாதத்தில் இருந்தேன். அப்போது ஜனனி போன் செய்தாள்.

"தாத்தா, மேடம் இல்ல."

"இல்லன்னா வீட்டுல இருப்பாங்க. அங்க போன் போடு."

"இல்ல தாத்தா. வீட்டுலயும்... மேடம் இல்ல."

"அப்பம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. எனக்கு இங்க வேலை கெடக்கு தாயி. பொறவு கூப்புடு."

அவள் இந்திக்கு மாறினாள். "மேடம் நஹீ ரஹீ, தாத்தா." இறந்துவிட்டார் என்பதை இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜனனி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முன்பு மேடத்தின் மாணவி, இப்போது அதே துறையில் விரிவுரையாளர். அவள் தமிழைத் திருத்துவது என் வழக்கம். அன்றும் திருத்தத்தான் வாயெடுத்தேன். 'மேடம் இல்ல' என்ற வாக்கியத்தில் திருத்த எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரி பீடியைக் கீழே போட்டுவிட்டு எனக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தான். அதில் உட்கார்ந்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். மேடம் என்று நாங்கள் கூப்பிடும் பேராசிரியர் மங்கையர்க்கரசி முதல் மழைக்கு எங்கள் கல்லிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கால்வாயில் தண்ணீர் நாங்கள் நினைத்த பக்கம் போகிறதா, இல்லை பழையபடி மேல வரிசை வீடுகளுக்குள் நுழைகிறதா என்று இரண்டு பேரும் நின்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மழைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அதற்குள் போய்விட்டார்.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் அவரை அறிவீர்கள். திருச்சிக்காரர். புனேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் நில அளவை, இடம்சார் தகவலியல், நகரத் திட்டமிடல் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் சொல்லிக்கொடுத்த துறைக்குத் தலைவராக இருந்தவர். அவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் பலர் பேசினார்கள். கோபமே வராதவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்றெல்லாம் சொன்னார்கள். அவரோடு நேரில் பழகாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என்னைப் பேச அழைக்கவில்லை. ஆசிரியர் பட்டியலிலும் மாணவர் பட்டியலிலும் என் பெயர் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, புனேயில் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடம் படிப்பதைத் தொழிற்சாலையிலேயே கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தைச் செய்தித்தாளில் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. அதனால் யாருக்கும் பணிந்து போகவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

எங்கள் குடியிருப்பு ஒரே கல்லி, இரண்டு வரிசை வீடுகள். மேற்கே இருப்பது மேல வரிசை, கிழக்கே இருப்பது கீழ வரிசை. முதலில் வந்து குடியேறியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று சொல்வதைப்போல இங்கேயும் பெயர் வைத்தார்கள். மழைக்காலம் வந்தால் மேல வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் வரும். மேலே இருக்கும் வரிசைக்குத் தண்ணீர் வருகிறதென்றால் கீழே இருப்பவர்கள் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தச் சண்டையில் இரண்டு வரிசைக்கும் நடுவே பேச்சுவார்த்தை நின்று, கல்யாணத்துக்கு அழைப்பு நின்று, ஒரு காலத்தில் பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரே கல்லியில் இரண்டு பிள்ளையார் வைத்தோம்.

ஒருமுறை மேடத்தின் மாணவர்கள் எங்கள் குடியிருப்பை அளக்க வந்தார்கள். வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். சில வாரம் கழித்துப் பெரிய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து சங்கக் கட்டடத்தில் ஒட்டினார்கள். வண்ணமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மழைநீர் போகும் திசைக்கு நீல அம்புக்குறி போட்டிருந்தார்கள். அது வடக்கிலிருந்து தெற்கே, கல்லியின் நீளத்துக்கு ஓடியது. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் தண்ணீர் போய் யாரும் பார்த்ததில்லை.

படத்தைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். துறைத் தலைவர் அறையில் ஒரு பெண்மணி டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே, "உக்காருங்க" என்றார்.

"நான் உக்கார வரல."

"சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. நானும் நிக்கிறேன்." கையில் தயிர்சாதத்தோடு எழுந்து நின்றார்.

படத்தை விரித்தேன். அதை வரைந்தவள் ஜனனி. உடனே ஆளனுப்பி அழைத்தார். "யார்கிட்ட கேட்டு இந்த அம்பு போட்ட?"

ஜனனி என்னையே காட்டினாள். "இந்தத் தாத்தாகிட்டதான் மேடம். தண்ணி மேலேருந்து கீழ போவுதுன்னு சொன்னாரு. மேலேன்னா... இங்க." படத்தின் தலைப்பக்கத்தைத் தொட்டாள். "கீழேன்னா... இங்க." அடிப்பக்கத்தைத் தொட்டாள்.

"மேலன்னா மேக்கு!" என்று கத்தினேன். "கீழன்னா கெழக்கு! இதுகூடத் தெரியாமயா தமிழ் பேசுத?"

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு சீக்கிரம் முடிகிற சிரிப்பு இல்லை. ஒரு கையால் டப்பாவை மூடிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உட்கார வரவில்லை என்று சொன்ன நான் கடைசியில் உட்கார வேண்டியதாயிற்று.

"அவ சொல்றது தப்பு அண்ணாச்சி, ஒத்துக்கறேன். அப்ப உங்க கணக்குப்படி தண்ணி மேற்கேருந்து கிழக்கே போகுது. யாரு அளந்தா?"

"அளக்க என்ன இருக்கு? பேருலயே இருக்குல்லா, மேல வரிசைன்னு."

"நம்ம ஊர்ல மலை மேற்க, கடல் கிழக்க. அதனால மேட்டுக்கும் மேற்குக்கும் ஒரே சொல் ஆயிடுச்சு. புனேயில தரைக்குத் தமிழ் தெரியுமா அண்ணாச்சி?"

பதில் இருந்தது. சொல்வதற்குள் அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

அந்தப் பயணத்தை நான் மறக்கமாட்டேன். முன்னால் மட்டம் பார்க்கும் கருவிப் பெட்டி, நடுவில் மேடம், பின்னால் நான். என் கையில் ஸ்டாஃப் என்று அவர்கள் சொல்லும் நீளமான அளவுகோல், சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்டது. மடக்கத் தெரியாமல் அப்படியே தூக்கிப் பிடித்திருந்தேன். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். "பண்டரிபுரம் பால்கி ஊர்வலம் வர இன்னும் நாள் இருக்கே மாவ்ஷி, அதுக்குள்ள கொடியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்களா?" என்று மராத்தியில் கேட்டார். "இவருக்கு அவசரம் அண்ணா, விடமாட்டேங்கறார்" என்று மேடமும் மராத்தியில் சொல்லி வண்டியை எடுத்தார்.

கல்லியின் நடுவில் கருவியை முக்காலியில் நிறுத்தினார். ஸ்டாஃபை முதலில் கீழ வரிசைப் பக்கம் வைத்துப் படித்தார். அடுத்து மேல வரிசைப் பக்கம். இரண்டாவது எண் பெரிய எண். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூடி நின்ற கீழ வரிசைக்காரர்களைப் பார்த்து, "கேட்டியளா? மேக்க எண்ணு கூடுதல்! மேடு!" என்றேன்.

மேடம் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோல்ல எண்ணு கூடினா தரை பள்ளம் அண்ணாச்சி" என்றார்.

கருவி நேர்கோட்டில் பார்க்கிறது. தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கோலின் மேல்பகுதி அந்தக் கோட்டில் தெரியும். யோசித்தால் சரிதான். ஆனால் ஊர் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும்போது யாருக்கு யோசிக்க வரும்?

ஆக, தரை சரிவது மேற்குப் பக்கம். மேல வரிசைக்குப் பின்னால் சுவருக்கு அப்பால் நாலா என்று இங்கே சொல்லும் ஓடை ஓடுகிறது. தண்ணீர் இயல்பாக அதற்குப் போகப் பார்த்தது. நாங்கள் அதைக் கிழக்கே இழுக்க வாய்க்கால் வெட்டி வைத்திருந்தோம். அது திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தது. நுழைய நுழைய நாங்கள் தரையை உயர்த்திக் கட்டினோம். உயர்த்திக் கட்டிய வீடுகளைப் பார்த்து, மேல வரிசை மேடு என்று எல்லோரும் நம்பினோம்.

இது வெறும் தர்க்கமாக இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். மாநகராட்சி எங்களுக்குக் கான்கிரீட் கால்வாய் போட்டுத்தரச் சம்மதித்திருந்த நேரம் அது. கிழக்கு நோக்கிப் போடவேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தவன் நான். நாங்கள் கேட்டபடியே போட அவர்களும் தயார். அப்படிப் போட்டிருந்தால் மேல வரிசையில் இன்னொரு தலைமுறை கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூங்கியிருக்கும். மேற்கே போடுவதென்றால் அதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. மேல வரிசையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே முன்பு ஒரு சந்து. அந்தச் சந்துக்கு நான் கூரை போட்டு, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, அடுப்படி ஆக்கியிருந்தேன். சந்தை அடைத்ததாகக் கீழ வரிசைக்காரர்கள் சொல்வார்கள். நான் கூரைதான் போட்டேன்.

மேடம் அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார். "தண்ணி இத்தனை வருஷமா உங்க அடுப்படிக்குத்தான் வழி கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

"ஒங்க கருவி பழசு" என்றேன்.

"இருக்கலாம்."

"நீங்க படிச்சதும் தப்பா இருக்கலாம்."

"அதுவும் இருக்கலாம். நீங்களே வந்து கத்துக்கிட்டு, நீங்களே படிச்சுப் பாருங்களேன்."

அப்படித்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். அறிவுத் தாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் கணக்கில் பிழை கண்டுபிடிக்கப் போனேன். என் மனைவி தங்கம் அன்றைக்கே சொன்னாள். "அடுப்படிச் சொவருக்காவ காலேசுக்குப் போற மனுசன இந்த ஊரு இப்பத்தான் பாக்குது."

சேர்க்கை அலுவலகத்தில் பட்டம் கேட்டார்கள். பட்டம் இல்லாதவன் படிக்கத்தானே வருகிறான் என்று கேட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. மேடத்திடம் போனேன். அவர் எனக்காக விதியைத் தளர்த்துவார் என்று நினைத்தேன். "விதிய மாத்தச் சொல்லி எழுதறேன். மாறுற வரைக்கும் விதி விதிதான்" என்றார். "கடைசி பெஞ்சு காலியாத்தான் இருக்கு. அதுக்கு விதி ஒண்ணும் கிடையாது."

அந்த விதி இன்றுவரை மாறவில்லை. அவர் எழுதினார், பல தடவை எழுதினார் என்பதை அறிவேன். ஆனாலும் வருகை எடுக்கும்போது ஒருநாள்கூட என் பெயரைக் கூப்பிட்டதில்லை. எல்லாப் பெயரும் முடிந்ததும் கடைசி பெஞ்சைப் பார்த்து ஒரு நொடி நிறுத்துவார், பதிவேட்டை மூடுவார். பிறகு ஒரு சான்றிதழாவது கொடுங்கள் என்று கேட்டேன். "குடுத்துட்டா அப்புறம் நீங்க சண்டைக்கு வரமாட்டீங்க" என்றார். இது எனக்கு அவர்மேல் உள்ள மனத்தாங்கல். இறந்துவிட்டார் என்பதற்காக அதை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை.

வகுப்புகள் நன்றாக இருந்தன. மராத்திப் பிள்ளைகள் என்னைக் 'காகா' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அது சித்தப்பா. எனக்குக் கூரைமேல் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். மேடம் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். தோள் குலுங்குவது தெரியும்.

செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் கொடுத்தால் அது நிறத்தைப் பார்த்து இது மரம், இது கட்டடம், இது தண்ணீர் என்று பிரித்துத் தரும். ஒரு மாணவன் நகரத்தின் ஒரு பகுதியை அப்படிப் பிரித்துப் பெரிய திரையில் காட்டினான். நடுவில் நீளமான ஏரி ஒன்று. அதன் கரையில் நடைபாதை, பூங்கா, படகுத்துறை எல்லாம் திட்டமிட்டிருந்தான். மேடம் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன். "ரொம்ப அழகு. இந்த ஏரியில என்ன மீன் கிடைக்கும்?" அவன் தெரியாது என்றான். "நான் சொல்றேன். பொம்பில், சுர்மைன்னு கடல் மீன் எல்லாம் கிடைக்கும். பொரிச்சே கிடைக்கும். அது மீன் கடை இருக்கற குடிசைப் பகுதி. மழைக்குக் கூரை மேல எல்லாரும் நீலத் தார்ப்பாய் விரிச்சிருக்காங்க." வகுப்பே அதிர்ந்தது. அவர் சிரிக்கவில்லை. "நம்ம படத்துல ஏரின்னு போட்டுட்டா, நாளைக்கு ஒருத்தர் அதைப் பாத்துட்டு இங்க வீடே இல்லன்னு சொல்லுவார். நாளைக்கு எல்லாரும் அங்க போய் மீன் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். போனோம். செலவு அவருடையது.

கோபமே வராதவர் என்று இரங்கல் கூட்டத்தில் சொன்னவர்களுக்காக இன்னொன்று. வளாகத்தைச் சுற்றி மட்டம் எடுத்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து, கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று பார்ப்பது முதல் பருவப் பயிற்சி. எல்லாக் குழுவுக்கும் கொஞ்சம் பிசகும். ஒரு குழுவுக்கு மட்டும் பிசகே இல்லை, சுத்தமாகச் சைபர். அவர்கள் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்கள். மேடம் தாளைப் பார்த்தார். முகம் சிவந்தது. "பிழையே இல்லாத அளவைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. எந்தக் கேன்டீன்ல உக்காந்து எழுதினீங்க?" அப்போது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "தப்பா அளந்தா திருத்திக்கலாம். அளக்காததைத் திருத்த முடியாது. உங்க கையெழுத்த நம்பி எவனோ ஒருத்தன் வீடு கட்டுவான்!" அன்று மதியம் கொதிக்கிற வெயிலில் அவர்கள் மறுபடி அளந்தார்கள். அவரும் குடை இல்லாமல் அவர்களோடு நடந்தார்.

பருவம் முடிந்ததும் கருவியை இரவல் கேட்டேன். கேள்வி கேட்காமல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லியில் நிறுத்தினேன். கீழ வரிசையின் தலைவி எசக்கியம்மாள். காலையில் இட்லிக் கடை, மற்ற நேரமெல்லாம் வழக்கு. எனக்கு மதினி முறை. ஸ்டாஃபைத் தானே பிடிப்பேன் என்று வந்து நின்றாள். நான் எண்ணை மாற்றிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளவாம்.

"நேராப் புடிங்க மதினி, சாயுது."

"கோலு நேராத்தான் இருக்கு கொழுந்தனாரே. பாக்குற கண்ணுதான் சாயுது."

அளந்தேன். மேற்கே பள்ளம். கருவியில் கோளாறு என்று மேடத்திடம் சொன்னேன். இரண்டு முளை அடித்து, நடுவில் நின்று ஒருமுறை, ஓரத்தில் நின்று ஒருமுறை பார்த்துக் கருவியைச் சோதிக்கும் வழியைச் சொல்லித்தந்தார். சோதித்தேன். கருவி சரியாக இருந்தது. திரும்ப அளந்தேன். மேற்கே பள்ளம். முன்பு மேடாக இருந்து பிறகு தரை இறங்கியிருக்கலாம் என்று சொன்னேன். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குத் தந்த தொல்லை கொஞ்சமில்லை. எதிர்த்துப் பேசுகிறவரை ஜெயிக்கலாம். 'இருக்கலாம், பாருங்க' என்று சொல்லி வழிவிட்டு நிற்பவரை என்ன செய்வது?

மழைக்காலம் இடையில் வந்தது. தங்கம் அடுப்பை மேசைமேல் தூக்கி வைத்துச் சமைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளில் அவள் பேசாமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

பிறகு சங்கக் கட்டடத்தில் இரண்டு வரிசைக்காரர்களையும் கூட்டினோம். மனுவை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். வார்டு பொறியாளர் வந்திருந்தார். மேடமும் வந்து பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேசுவார், விளக்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

எழுந்தேன். "நான் ஆரம்பத்துல இருந்து சொல்லுததுதான். தண்ணி மேல போவணும்."

எசக்கியம்மாள் எழுந்தாள். "ஏங் கொழுந்தனாரே, ஒமக்கு என்னமும் ஆயிப்போச்சா? தண்ணி எப்படிய்யா மேல போவும்?"

"மேலன்னா மேக்கு மதினி. நான் எப்பம் மேடுன்னு சொன்னேன்?"

"அப்பம் இம்புட்டு நாளா வாய்க்கால எதுக்குவே எங்க வாசலுக்கு வெட்டுனீரு?"

"அது தற்காலிக ஏற்பாடு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொறியாளருக்கு மராத்தியில் யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் தனியாக ஒருமுறை சிரித்தார். மேடம் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "அண்ணாச்சி சொல்றது சரி. மேலன்னா மேற்குதான். அவர் சொன்னபடியே மனுவ மாத்திடலாம்" என்றார். எசக்கியம்மாள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "படிச்சவுக சொன்னா சரிதான். ஆனா அந்த அடுப்படிச் சொவரு?"

"இடிக்கேன்" என்றேன். அந்தச் சொல் வெளியே வந்ததும் பின்வரிசையில் தங்கம் விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

மனு மாறியது. அனுமதி வர நாளாயிற்று. எங்களுக்கு அதெல்லாம் பழக்கம். இந்த வருஷம் வெயில் தொடங்கும்போது வேலை தொடங்கியது. சுவரை நானே இடித்தேன், கூலி ஆளை விடவில்லை. கால்வாயின் அடித்தளம் போடும் நாளில் மேடம் வந்தார். மெலிந்திருந்தார். உடம்பைப் பற்றிக் கேட்டால், "ரிப்பேர் நடக்குது" என்று மட்டும் சொல்வார். எசக்கியம்மாள் கொடுத்த இட்லியில் பாதியைச் சாப்பிட்டார். கால்வாய்க்குள் குனிந்து ஒரு பந்தை வைத்தார். பந்து தயங்கி, மெதுவாக மேற்கே உருண்டது. கல்லியிலுள்ள பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அப்பம் சரியாப் போச்சு" என்றேன்.

"பந்துக்குச் சரி" என்றார். "படம் முடியறது கம்ப்யூட்டர்ல இல்ல அண்ணாச்சி, முதல் மழையில. நான் வந்து பாக்கறேன்."

அதுதான் அவர் எங்கள் கல்லியில் பேசிய கடைசிப் பேச்சு.

முதல் மழை அவர் இல்லாமல் வந்தது. மதியமே இருட்டி, மூலா ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பிறகு கொட்டியது. தங்கம் கட்டிலைத் தூக்கி வைக்கவா வேண்டாமா என்று கேட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் கல்லியில் இறங்கி நின்றேன். இரண்டு வரிசையிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் வாசலில் நின்றார்கள். கல்லி முழுக்கச் செம்மண் தண்ணீர். அது நடுவில் கூடி, எந்தப் பக்கம் என்று தெரியாததுபோல் சுழன்றது. அவர் தப்பாக அளந்திருந்தால்? நான் தப்பாக அளந்திருந்தால்? சண்டை போட இப்போது ஆள் இல்லையே.

தண்ணீர் திரும்பியது. எங்கள் அடுப்படி இருந்த சந்தில் நுழைந்து, கால்வாயில் விழுந்து, சத்தம் போட்டுக்கொண்டு மேற்கே போனது. பின்னால் நாலாவில் விழும் ஓசை கேட்டது. உள்ளேயிருந்து தங்கம் கத்தினாள். "ஒரு சொட்டு வரலங்க! தரை காஞ்சு கெடக்கு!" எதிர்வாசலில் எசக்கியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழைத் தண்ணீர் என்று சொன்னாள். இருக்கலாம்.

ஜனனி மாணவர்களோடு நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். "தாத்தா, சரியாயிடுச்சா?"

சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் ஆயுள் முழுக்க அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். "நாளைக்கு லெவல் கருவிய எடுத்துக்கிட்டு வா" என்றேன். "நாலா வரைக்கும் ஒருதடவ பாத்துடுவோம்."

அவர் எனக்குப் பட்டம் தரவில்லை, சான்றிதழ் தரவில்லை, வருகைப் பதிவேட்டில் ஒரு வரிகூடத் தரவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு, அது சரியா என்று போய்ப் பார்த்துவரும் வழக்கத்தை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். அதை வைத்துக்கொள்கிறேன். சொல்வதை நிறுத்தப் போவதில்லை.